எடைமேடை

லாரி ஏறும்போது பலகை நடுங்கும்.
பதினொரு வருடமாக என் நாற்காலி
அந்த நடுக்கத்தின் ஓரத்தில்தான்.
செம்பனைக் குலையோடு வந்தால் ஓர் எடை,
கொட்டிவிட்டு வந்தால் ஓர் எடை,
கழித்து வருவதை எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பத்தாங் பெர்ஜுந்தையில்
(ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள், என் வாய் மாற்றவில்லை)
எது எவ்வளவு கனக்கும் என்று
என்னைக் கேட்டால் போதும்.

இது நூற்றுப் பத்து கிராம் என்று போட்டிருந்தது.
இரண்டு கோழிமுட்டை.
அந்த வரி மட்டும்தான் எனக்குப் புரிந்தது.

மற்றதெல்லாம் தெரியாத வெளிக்காடு.
வளைந்தது, நேரானது,
உதட்டுச்சாயம் மாதிரி நடிக்கும் ஒன்று,
முயல் காது முளைத்த ஒன்று.
அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்துவிட்டு
அரிசி களையப் போனேன்.
மூன்று தண்ணீருக்குப் பதில் ஆறு தண்ணீர்.

எஸ்தரிடம் மட்டும் கேட்டேன்.
பல் கிளினிக்கில் வேலை;
அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் பார்த்துக் கூச்சம் போனவள்.
பின்னால் டிரில் ஓட, குரல் அனுப்பினாள்:
"முதல் தடவைக்குப் பெரிசு வேணாம்டி.
வெளியே வச்சிக்கிற சின்னது போதும்.
சிலிக்கோன்னு போட்டிருக்கான்னு பாரு,
ரப்பர் நாத்தம் அடிச்சா தொடாத.
கழுவுற மாதிரி இருக்கணும்.
ம்... மெதுவா ஆரம்பிக்கிற பட்டன் முக்கியம்.
சரி வை, இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டே இருக்காரு."

அவள் சொல்லாமல் விட்டது சத்தம்.
லயத்துச் சுவர், பலகை.
தனபாக்கியம் தும்மினால்
இங்கிருந்தே நான் 'நூறு' சொல்வேன்.
நாற்பது டெசிபல் என்றால் எவ்வளவு?
மூன்றில் வைத்த காற்றாடியா, இரண்டா?
ஐந்து ராத்திரி
மாற்றி மாற்றி வைத்துக் காது கொடுத்துப் படுத்திருந்தேன்.
யாராவது பார்த்திருந்தால்
புழுக்கம் என்று நினைத்திருப்பார்கள்.
புழுக்கம்தான்.

அவர் ஜொகூருக்குப் போய் ஏழு வருடம்.
இருந்த காலத்திலும்
அந்த இடத்துக்கு எங்களிடம் பெயர் இல்லை.
தமிழில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வசவு;
சண்டையில் ஆண்கள் எறிந்து
யாரும் திரும்ப எடுத்துப் போகாத சொற்கள்.
ஒருமுறை டாக்டர் மலாயில் சொன்னார்,
சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பேனாவால் தட்டி.
படத்தில் தலையும் இல்லை, காலும் இல்லை.
பாதி வெட்டிய பழம் மாதிரி இருந்தது.

எண்பத்தொன்பது வெள்ளி.
கரண்டு பில், கூட்டுக் காசு, மோட்டாருக்கு டயர்.
கழித்துப் பார்த்தேன்.
மிச்சம் வந்தது.
அமுக்கினேன்.

பார்சல் கொண்டுவந்தவன் ரூபேந்திரன்.
நெகிழிப் பையை உள்ளங்கையில் குலுக்கி,
"என்னக்கா, இவ்ளோ லேசா இருக்கு?"
"நூற்றுப் பத்து" என்றேன்.
பழக்கதோஷம்.
அவன் போன பிறகும்
காது சுட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டிக்குள் அது
மழைக்குப் பிந்திய கூழாங்கல் நிறத்தில்.
கழுவினேன். துடைத்தேன். மறுபடி கழுவினேன்.
நான்கு மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லியிருந்தது.
வயரைச் செருகப் போகையில்
கதவில் தட்டு. தனபாக்கியம்.
"சார்ஜ் வயர் இருக்கா? எங்க வீட்டுதைப் பூனை கடிச்சிடுச்சி."
கையிலேயே இருந்தது, புதுசு, வெள்ளை.
இல்லை என்று எப்படிச் சொல்வது?
வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா குட்டியா இருக்கே" என்றாள்.
வயரைத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம்
அவள் போனுக்கு உயிர் வந்து நாடகம் ஓடியது.
இந்தப் பக்கம்
விளக்கணைத்து உட்கார்ந்திருந்தேன்.
பார்ப்போமே என்று பட்டனைத் தொட்டால்,
அனுப்பியவன் கொஞ்சம் உயிர் வைத்தே அனுப்பியிருக்கிறான்.
உள்ளங்கையில் நடுங்கியது,
காலி லாரி ஏறும் அளவுக்குக்கூட இல்லை.
அங்கே யாரோ யாரையோ அறைந்தார்கள்,
இசை பொங்கியது.

காற்றாடியை மூன்றில் வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்
ஒன்றில் வைத்தேன்.
எனக்குக் கேட்க வேண்டியிருந்தது.